தெரிஞ்சதையே எதுக்குத் திரும்பச் சொல்லணும்?

மார்ச் மாதம் பிறந்தால் எங்கள் பக்கத்து ஃபேக்டரி வாசல்களில் பச்சை பேனர் தொங்க ஆரம்பித்துவிடும். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். 1966ல் அதே தேதியில்தான் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் தொடங்கப்பட்டது. சட்டையில் பேட்ஜ், வரிசையாக நின்று உறுதிமொழி, ஸ்லோகன் போட்டி, ஜெயித்தவருக்கு ஒரு டிபன் கேரியர். ஒரு வாரம் கழித்து பேனரைக் கழற்றிவிடுவார்கள். கெமிக்கல் மட்டும் வருஷம் முழுக்க அங்கேயேதான் இருக்கும்.

தெற்கு குஜராத்தில் இருக்கும் நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாபி, அங்கலேஷ்வர், பனோலி, தஹேஜ் என்று நெடுகிலும் சாயம், மருந்து, பூச்சிமருந்து, அமிலம் தயாரிக்கிற யூனிட்டுகள். பிராசஸ் இன்ஜினியராக, ஷிஃப்ட் இன்சார்ஜாக, ஃபிட்டராக, வெல்டராக, ஷட்டவுன் வேலைக்கு வருகிற கான்ட்ராக்ட் ஆளாக நம்ம ஊர்க்காரர்கள் நிறைய பேர். பொங்கல் விழாவில் சந்தித்தால் சம்பளம், ஸ்கூல் ஃபீஸ், ஊருக்கு ரயில் டிக்கெட் எல்லாம் பேசுவோம். "உங்க கம்பெனியில் கடைசியா எப்போ சேஃப்டி டிரெயினிங் நடந்தது?" என்று யாரும் யாரையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நான் கெமிக்கல் படித்தவன் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்தவன். ஆனால் கடன் கொடுத்த யூனிட்டுகளுக்கு ஸ்டாக் பார்க்கப் போய்ப் போய், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு டிரம்களுக்கு நடுவில் நடந்து நடந்து, கேள்வி கேட்கிற பழக்கம் வந்துவிட்டது. அப்படிக் கேட்டதில் அதிகம் காதில் விழுந்த பதில் இது: "அதெல்லாம் சேரும்போதே சொல்லிக் கொடுத்தாச்சு சார். பதினஞ்சு வருஷமா வேலை பாக்கறவனுக்குத் தெரிஞ்சதையே எதுக்குத் திரும்பச் சொல்லணும்?"

நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் தப்பான கேள்வி. ஏன் என்று சொல்கிறேன்.

தினமும் செய்கிற வேலை யாருக்கும் மறக்காது. எந்த வால்வை எப்போது திறக்க வேண்டும், ரியாக்டர் சூடு எவ்வளவு ஏறினால் தண்ணீர் விட வேண்டும் என்பதெல்லாம் பதினைந்து வருஷக்காரருக்குக் கையிலேயே இருக்கும். ஆனால் கேஸ் கசிந்தால் எந்தப் பக்கம் ஓடுவது, மூச்சுக்கருவியை எப்படி மாட்டுவது, கண்ணில் காஸ்டிக் தெறித்தால் எத்தனை நிமிஷம் கழுவுவது என்பதெல்லாம் தினமும் செய்கிற காரியங்கள் அல்ல. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வரலாம், வராமலேயும் போகலாம். செய்யாத காரியம் மறந்துதான் போகும். அதுவும் அந்த நேரத்தில் யோசிக்க அவகாசம் கிடையாது. ஆக, அனுபவம் ஏற ஏற வேலை நன்றாக வருகிறது, ஆபத்து நேரத்தில் செய்ய வேண்டியது மங்கிக்கொண்டே போகிறது. புதிதாகச் சேர்ந்தவனைவிட பழைய ஆளுக்குத்தான் நினைவூட்டும் பயிற்சி அதிகம் தேவை என்பது என் கட்சி.

எங்கள் தொழிலிலிருந்தே ஒரு உதாரணம். இருபது வருஷம் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவருக்கு நோட்டைத் தொட்டாலே கள்ளநோட்டு தெரிந்துவிடும். ஆனால் 2005ல் நோட்டில் புதிய பாதுகாப்பு அம்சங்கள் வந்தன. 2016 நவம்பருக்குப் பிறகு நோட்டே மாறியது. அந்த இருபது வருஷ விரல்களும் மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. கெமிக்கல் யூனிட்டிலும் இதே கதைதான். போன வருஷம் டோலுயீன் ஓடிய இடத்தில் இந்த வருஷம் வேறு சால்வென்ட் ஓடும். புது ஆர்டர், புது பிராடக்ட், புது டிரம். சேரும்போது சொல்லிக் கொடுத்தது பழைய டிரம்முக்கு.

இன்னொன்று, பழக்கம் தருகிற தைரியம். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். இங்கே பழகப் பழக விஷமும் இனிக்கிறது. முதல் நாள் வாசனை வந்தால் மூக்கைப் பொத்துகிறவன், ஆறு மாதத்தில் "இங்க இப்படித்தான் இருக்கும்" என்பான்.

ஹைட்ரஜன் சல்ஃபைடை எடுத்துக்கொள்ளுங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு. எஃப்ளூயன்ட் டேங்க், சாக்கடை, சில சாய யூனிட்டுகள் என்று பல இடங்களில் வரும். மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்கிற அளவை எட்டினால், சில நிமிஷங்களில் மூக்கு மரத்துப் போகும். நாற்றம் நின்றுவிடும். விஷயம் தெரியாதவன் "அப்பாடா, போயிடுச்சு" என்று நினைப்பான். உண்மையில் ஆபத்து கூடியிருக்கும். அளவு இன்னும் ஏறினால் ஆள் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுவார். "நாற்றம் நின்றால் சந்தோஷப்படாதே, வெளியே ஓடு" என்பது ஒரு வரி விஷயம். ஒரு தடவை கேட்டால் மறந்து போகும். வருஷத்துக்கு நாலு தடவை கேட்டால் உயிர் பிழைக்க உதவும்.

செப்டிக் டேங்கில் இறங்கியவர் மயங்கினார், காப்பாற்ற இறங்கியவரும் இறந்தார் என்ற செய்தியை நம்ம ஊர்ப் பேப்பரில் எத்தனை தடவை படித்திருக்கிறோம்! தொழிற்சாலை டேங்குகளிலும் இதுவேதான் நடக்கிறது. அமெரிக்காவின் நியாஷ் என்கிற தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986ல் எச்சரித்தது: மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள். நன்றாகக் கவனியுங்கள். முதலில் விழுந்தவரைவிட, ஓடிப்போய்க் கை கொடுத்தவர்களே அதிகம்.

கூட வேலை செய்கிறவன் கண் முன்னால் விழுந்தால் குதிக்கத்தான் மனசு சொல்லும். அது மனித குணம், குறை சொல்ல முடியாது. "குதிக்காதே, முதலில் சத்தம் போடு, ஆளைக் கூப்பிடு, மூச்சுக்கருவியும் கயிறும் வரட்டும்" என்று அந்த மனசைத் தடுக்க வேண்டுமானால், அதைத் திரும்பத் திரும்பச் செய்து பழகியிருக்க வேண்டும். சுவரில் ஒட்டிய போஸ்டர் அந்த நொடியில் ஞாபகத்துக்கு வராது.

போபாலைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. 1984 டிசம்பர் 2 இரவு. யூனியன் கார்பைடு ஆலையில் மெத்தில் ஐசோசயனேட் இருந்த டேங்குக்குள் தண்ணீர் புகுந்தது. சுமார் 40 டன் விஷவாயு ஊருக்குள் போனது. மத்தியப் பிரதேச அரசு ஏற்ற சாவுக் கணக்கே 3,787. மற்ற கணக்குகள் இதைவிடப் பல மடங்கு. குளிர்சாதன அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது, வாயுவைக் கழுவும் கருவியும் எரித்துவிடும் கோபுரமும் கை கொடுக்கவில்லை என்பதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத விஷயம் பயிற்சி. ஆலை நஷ்டத்தில் ஓடியது. செலவைக் குறைக்க, அந்தப் பிரிவில் ஷிஃப்டுக்கு இருந்த ஆட்களைப் பாதியாக்கினார்கள். பயிற்சிக் காலத்தையும் சுருக்கினார்கள். கையேடுகள் ஆங்கிலத்தில். படிக்க வேண்டியவர்களில் பலருக்கு அந்த ஆங்கிலம் போதாது.

அன்று இரவு 11.30 மணி வாக்கிலேயே ஆலைக்குள் இருந்தவர்களுக்குக் கண் எரிந்திருக்கிறது. சின்னக் கசிவுகள் அங்கே வழக்கம். டீ இடைவேளை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். அந்த ஆபரேட்டர்களைக் குற்றவாளியாக்க நான் இதைச் சொல்லவில்லை. வழக்கமான எரிச்சலுக்கும் வழக்கமில்லாத எரிச்சலுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களுக்கு யாரும் திரும்பத் திரும்பச் சொல்லித் தரவில்லை. பயிற்சியில் மிச்சம் பிடித்த பணம் எவ்வளவு இருக்கும்? அதற்கு ஊர் கொடுத்த விலை எவ்வளவு?

"அதெல்லாம் நாற்பது வருஷத்துக்கு முந்தைய கதை" என்பவர்களுக்கு 2020. கொரோனா ஊரடங்கு தளர்ந்துகொண்டிருந்த மே 7 அதிகாலை, விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் டேங்க் சூடாகி ஆவி வெளியேறியது. 12 பேர் இறந்தார்கள். ஆலையில் அபாயச் சங்கு இருந்தது. ஆனால் அது ஒலிக்கப்படவில்லை என்று அரசு அமைத்த உயர்மட்டக் குழு பதிவு செய்தது. சங்கு வாங்கக் காசு இருந்திருக்கிறது. அதை எந்த நேரத்தில் யார் அழுத்துவது என்பது கைக்கு வரவில்லை. தூங்கிக்கொண்டிருந்த கிராமத்துக்கு அந்தச் சத்தம் எவ்வளவு பெரிய உதவியாக இருந்திருக்கும்!

அது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 3, நம்ம தஹேஜ். ஒன்றோடொன்று சேரவே கூடாத நைட்ரிக் அமிலமும் டைமெத்தில் சல்பேட்டும் ஒரே டேங்கில் கலந்து வெடித்தது. உயிர்கள் போயின, சுற்றுவட்டாரக் கிராம மக்கள் வீட்டைக் காலி செய்து ஓடினார்கள். எந்த டேங்கர் எந்த டேங்குக்கு, எது எதோடு சேரக்கூடாது என்பது பயிற்சியின் அரிச்சுவடி. ஆனால் டேங்கரை இறக்குகிற வேலையில் பெரும்பாலும் நிற்பது யார்? கான்ட்ராக்ட் ஹெல்பரும் வெளியூர் டிரைவரும். அரிச்சுவடி அவர்களிடம் போய்ச் சேர்வதே இல்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? போபாலுக்குப் பிறகு 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயகரமான தொழில்களுக்கென்று தனி அத்தியாயமே சேர்த்தார்கள். 111ஏ என்ற பிரிவு, தன் பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறுவதும் பயிற்சி பெறுவதும் தொழிலாளியின் உரிமை என்றது. 1989ல் வந்த அபாயகர ரசாயன விதிகள், ஆலைக்குள் வேலை செய்கிறவர்களுக்குத் தகவல், பயிற்சி, மாற்று மருந்து உட்பட உபகரணங்கள் எல்லாம் தர வேண்டும் என்றன. பெரிய அளவில் ரசாயனம் வைத்திருக்கும் ஆலைகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவசரகால ஒத்திகை நடத்த வேண்டும் என்பதும் அதில் சேர்ந்தது. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்துக்கு, 2020ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கிறது. அதிலும் தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை இவற்றைத் தருவது முதலாளியின் கடமை என்று இருக்கிறது. தகவல் கேட்பது தொழிலாளியின் உரிமை என்றும் இருக்கிறது.

அமெரிக்காவில் இதையே மணிக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். அபாயக் கழிவுத் தளங்களில் வேலை செய்கிறவர்களுக்கு வருஷத்துக்கு 8 மணி நேரம் நினைவூட்டும் பயிற்சி. பெரிய ரசாயன ஆலைகளில் பிராசஸை ஓட்டுகிற ஆபரேட்டருக்குக் குறைந்தது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. அங்கே விபத்தே நடப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. 2005ல் டெக்சாஸ் சிட்டி ரிஃபைனரியில் 15 பேர் இறந்தார்கள். ஆனால் "கொடுத்தீர்களா, எப்போது கொடுத்தீர்கள், புரிந்துகொண்டார் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கிற இடமாவது இருக்கிறது.

இங்கே ஆதாரம் என்றால் ரிஜிஸ்டர். ஒரு யூனிட்டில் (பெயர் வேண்டாம்) டிரெயினிங் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்க்க வாய்ப்பு கிடைத்தது. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது என் பிழைப்பு. செக்கில் ஒரு சுழி மாறினாலும் கண்ணில் பட்டுவிடும். அந்தப் பக்கத்தில் முப்பத்திச் சொச்சம் கையெழுத்து. எனக்குத் தெரிந்தது மூன்றே கைகள். நாலு மாதங்களுக்கு ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே நாளில் உட்கார்ந்து போட்ட மாதிரி. ஆடிட்டுக்கு வேண்டியது கையெழுத்து, அது கிடைத்துவிட்டது. பயிற்சி கிடைத்ததா என்று ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

உண்மையிலேயே வகுப்பு நடத்துகிற இடங்களிலும் மொழி ஒரு பெரிய தடை. ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்கும், பேசுகிறவர் ஹிந்தியிலோ குஜராத்தியிலோ பேசுவார். கேட்கிறவர்கள் ஒடிசா, பீகார், ஜார்கண்ட், உத்தரப் பிரதேசம், நடுவில் நாலு பேர் நம்ம தூத்துக்குடி, திருநெல்வேலிப் பையன்கள். ஹிந்தியில் டீ வாங்கத் தெரிந்தால் போதும், பாதுகாப்பு வகுப்பும் புரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஊரைவிட்டு வந்த நமக்குத்தான் தெரியும். முதல் வருஷம் தலையை ஆட்டினோமே, எல்லாமா புரிந்தது? "சமஜ் கயா?" என்று கேட்டால் "ஹாங்ஜி" என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம்!

முதலாளிகள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் தினமும் பேசுகிற ஆட்கள் அவர்கள்தான். "பயிற்சி கொடுத்தா அடுத்த மாசமே பக்கத்து கம்பெனிக்கு ஓடிடறான் சார்" என்பார்கள். ஓடுகிறார்கள், உண்மைதான். ஆனால் பயிற்சி இல்லாதவன் உங்களிடமே இருந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். "பிராடக்‌ஷன் நின்னு போகுது" என்பார்கள். கணக்குப் போடலாம். முப்பது பேர், மாதம் ஒரு மணி நேரம், வருஷத்துக்கு 360 மணி நேரம். ஒரு மணிக்கு நூறு ரூபாய் என்று வைத்தால் 36,000 ரூபாய். நானூறு என்றே வைத்தாலும் ஒன்றரை லட்சத்துக்குள். கோடிக்கணக்கில் கேஷ் கிரெடிட் வைத்திருக்கிற யூனிட்டுக்கு இது ஒரு செலவா?

இங்கே என் தொழிலையும் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். கெமிக்கல் யூனிட்டுக்குக் கடன் கொடுக்கும்போது வங்கி என்னென்ன கேட்கிறது? பேலன்ஸ் ஷீட், ஸ்டாக் ஸ்டேட்மென்ட், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, ஃபேக்டரி லைசென்ஸ், வங்கியின் பெயரும் சேர்த்த இன்ஷூரன்ஸ் பாலிசி. இன்ஸ்பெக்‌ஷன் போனால் டிரம்மை எண்ணுகிறோம். டிரம்மைக் கையாள்கிறவனுக்குக் கடைசியாக எப்போது சொல்லிக் கொடுத்தார்கள் என்பதைக் கேட்கிற வழக்கம் இல்லை. ஒரு வெடிப்பு நடந்தால் ஆலையை மூடச் சொல்லி உத்தரவு வரும், கிளெய்ம் பணம் வர மாதங்கள் ஆகும், 90 நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன். இரக்கத்தை விடுங்கள், சுயநலமாகப் பார்த்தாலும் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் இரண்டு வரி சேர்க்க வேண்டும்: கடைசி ஒத்திகை எந்தத் தேதி? கான்ட்ராக்ட் ஆட்கள் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள்? வங்கியும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இதைக் கேட்க ஆரம்பித்தால், வருஷத்துக்கு ஒருமுறை வருகிற எந்த இன்ஸ்பெக்டரையும்விட வேகமாக வேலை நடக்கும். பணம் கொடுப்பவன் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

நல்ல பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒருநாள் எட்டு மணி நேரம் ஏசி ஹாலில் உட்கார வைத்துத் தூங்க விடுவதைவிட, மாதா மாதம் ஒரு மணி நேரம் மேல். அது ஷாப் ஃப்ளோரிலேயே நடக்க வேண்டும். உலகத்தில் உள்ள எல்லா ரசாயனமும் வேண்டாம், அந்த பிளான்ட்டில் இன்றைக்கு ஓடுகிற நாலு ரசாயனம் போதும். அதன் பாதுகாப்புத் தகவல் தாளை, பழைய ஆட்கள் எம்.எஸ்.டி.எஸ். என்று சொல்வதை, ஃபைலில் பூட்டி வைக்காமல் அவரவர் பாஷையில் ஒரு பக்கமாகச் சுருக்கிச் சுவரில் ஒட்ட வேண்டும்.

முக்கியமாக, கையால் செய்து பார்க்க வேண்டும். மூச்சுக்கருவியை எல்லோரும் ஒருமுறை மாட்டிப் பார்க்கட்டும். சாதாரணத் தூசி மாஸ்க் ரசாயன ஆவியைத் தடுக்காது, கார்ட்ரிட்ஜ் மாஸ்க் ஆக்ஸிஜன் குறைந்த டேங்குக்குள் உதவாது என்பது அப்போதுதான் பதியும். ஐ வாஷை ஓட விட்டுப் பார்க்கட்டும். நிறைய இடங்களில் ஐ வாஷ் முன்னால் டிரம்மை அடுக்கி வைத்திருப்பார்கள், திறந்தால் துருத் தண்ணீர் வரும். வாரம் ஒருமுறை திறந்துவிட வேண்டியது அது. கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிஷம் தொடர்ந்து கழுவ வேண்டும். காஸ்டிக் சோடா போன்ற காரங்கள் பல அமிலங்களைவிட ஆழமாகக் கண்ணுக்குள் இறங்கும். 15 நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்ற பழமொழி இதற்கென்றே சொன்ன மாதிரி இருக்கிறது.

காற்றுத் திசை காட்டும் துணிக்கூம்பைப் பார்க்கப் பழக்க வேண்டும். குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம், தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். அங்கே போய் ஒளிந்தால் அவ்வளவுதான். காற்றடிக்கும் திசையிலேயே ஓடாமல் குறுக்காக விலகி, மேடான இடத்துக்குப் போக வேண்டும். இதை நைட் ஷிஃப்டிலும் ஒத்திகை பார்க்க வேண்டும். கேஸ் பகல் டியூட்டி பார்த்துக் கசிவதில்லை. மேனேஜர், சேஃப்டி ஆபீசர், ஆம்புலன்ஸ் டிரைவர் எல்லோரும் இருக்கும் பகல் பதினொரு மணிக்கு நடத்துகிற ஒத்திகை, போட்டோவுக்கு மட்டும் நன்றாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. போன மாதம் "நூலிழையில் தப்பித்த" சம்பவத்தைச் சொல்கிறவனைத் திட்டாமல் கேட்க வேண்டும். கழன்ற ஹோஸ், தப்பாக லேபிள் ஒட்டிய டிரம், வேலை செய்யாத அலாரம் எல்லாம் ஓசியில் கிடைத்த பாடம். சொன்னவனுக்கு மெமோ கொடுத்தால் அடுத்த தடவை வாயைத் திறக்க மாட்டான்.

இதில் நம் குடும்பங்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. கம்பெனியில் சேஃப்டி ஆபீசர் பேச்சைக் கேட்காதவர்கூட வீட்டில் கேட்பார், கேட்டுத்தான் ஆக வேண்டும் :-)

அக்கா, தங்கைமாரே, உங்கள் வீட்டுக்காரரிடம் சில கேள்விகள் கேளுங்கள். இப்போது எந்த ரசாயனத்தோடு வேலை? அது பட்டால், சுவாசித்தால் என்ன ஆகும்? முதலுதவி என்ன? கடைசி ஒத்திகை எப்போது? டேங்குக்குள் இறங்க பெர்மிட் கொடுக்கிறார்களா, காற்றை மீட்டரில் அளந்து பார்க்கிறார்களா? பதில் "தெரியாது" என்று வந்தால் சண்டை போட வேண்டாம். மறுநாள் கம்பெனியில் கேட்கச் சொல்லுங்கள். கேட்பது அவர் உரிமை, சட்டத்தில் எழுதியிருக்கிறது. எந்த ரசாயனம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால் டாக்டரிடம் சொல்ல முடியும். அந்த ஒரு தகவலுக்காகத் தவித்த வேளைகள் பல.

வேலைத் துணிகளைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். தனியாக அலசுங்கள். கம்பெனியிலிருந்து "பாத்ரூம் கழுவ நல்லா இருக்கும்" என்று பாட்டிலில் அமிலம் கொண்டு வந்தால் உள்ளே விடாதீர்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த அமிலத்தைக் குழந்தை குடித்த செய்திகள் எத்தனையோ. அப்புறம், டாய்லெட் கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் வருவது மேலே சொன்ன அதே குளோரின். கதவை மூடிக்கொண்டு பாத்ரூம் கழுவுகிறவருக்கு அது ஒரு குட்டித் தொழிற்சாலை விபத்து.

கான்ட்ராக்டில் வருகிற நம்ம ஊர்ப் பையன்களுக்காகத் தனியாக ஒன்று கேட்கிறேன். ஷட்டவுன் வேலைக்கு இருபது நாள் வந்து தகர ஷெட்டில் தங்கிப் போகிறவர்கள் அவர்கள். ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிற மேஸ்திரி நம்ம ஆளாகத்தான் இருப்பார். டேங்குக்குள் இறங்குவது பெரும்பாலும் இந்தப் பையன்கள்தான், பயிற்சி ரிஜிஸ்டரில் பெயர் வராததும் இவர்களுக்குத்தான். இங்கேயே நிரந்தர வேலையில் இருக்கிற நம் அண்ணன்மார்கள், இன்ஜினியர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நம்ம பாஷையில், மூடிய டேங்க், கேஸ் கசிவு, கண் கழுவுவது இந்த மூன்றை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும். கம்பெனி கொடுக்க வேண்டியதை நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், கம்பெனியை விடச் சொல்லவில்லை. அங்கேயும் கேட்போம். அது வரும் வரைக்கும் பையன் டேங்குக்கு வெளியே காத்திருக்கப் போவதில்லை.

தெரிஞ்சதையே எதுக்குத் திரும்பச் சொல்லணும் என்கிறவர்களுக்கு என் பதில் இவ்வளவுதான். தெரிந்திருப்பது வேறு, அந்த நிமிஷத்தில் கை கால் தானாகச் செய்வது வேறு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது பழக்கம் ஒன்றுதான், அதற்கு மாதம் ஒரு மணி நேரம் அதிகம் இல்லை.

பி.கு.: வரும் சங்கக் கூட்டத்தில் பட்டிமன்றத்துக்குப் பதிலாக இதற்கு ஒரு மணி நேரம் கேட்கலாம் என்றிருக்கிறேன். பிளான்ட்டில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது முன்வந்து பேசினால், நாற்காலி போடுவதும் டீ வாங்கித் தருவதும் என் பொறுப்பு.